தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் அரிக்கிறது!

கேள்வி: எனக்கு வயது 56. மூன்று மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. முதுகு, இடுப்பு, கால் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பகலில் வேலையோடு வேலையாகப் பெரிதாகத் தெரிவதில்லை. படுத்தால் போதும், ஆரம்பித்துவிடுகிறது. தோலில் தடிப்போ படையோ இல்லை; நான் சொறிந்த கோடுகள் மட்டும்தான். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, அரிப்பு போகவில்லை. ஒவ்வொரு உணவாக நிறுத்தியும் பார்த்துவிட்டேன். தினமும் இரண்டு வேளை நல்ல சூடான தண்ணீரில், கிருமிநாசினி சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்புதான் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். இணையத்தில் தேடினால் கிட்னி, கல்லீரல், புற்றுநோய் என்று வருகிறது. என் ரத்தத்தில் ஏதாவது கோளாறா? இதெல்லாம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, அறுவைசிகிச்சை செய்துகொண்ட என் அக்காவோடு இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அங்கிருந்து ஏதும் ஒட்டிக்கொண்டிருக்குமா? இப்போது பத்து நாளாக என் கணவரும் லேசாகச் சொறிகிறார். என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது என்று சிரித்துக்கொள்கிறோம்.

பதில்: கிட்னி, கல்லீரலுக்கெல்லாம் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதிய கடைசி வரிதான்.

ஒருவர் சொறிவதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் அரிக்கும் என்பது உண்மை. கொட்டாவி மாதிரி அதுவும் தொற்றிக்கொள்ளும். இதைப் படிக்கும்போதே சிலருக்குக் கை கழுத்துப் பக்கம் போயிருக்கும். ஆனால் அந்த அரிப்புக்கு ஆயுள் சில நிமிடம்தான், பத்து நாள் நீடிக்காது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு அரிப்பு, அதுவும் படுத்தால் அதிகம் என்று சொன்னால், தோல் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது சிரங்கைத்தான். ஸ்கேபிஸ் என்று சீட்டில் எழுதுவோம்.

முகம் சுளிக்காதீர்கள். சிரங்கு என்றால் புண்ணும் சீழுமாக இருக்கும், அழுக்காக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இரண்டுமே சரியில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி, உண்ணி இனத்தைச் சேர்ந்தது, மேல்தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடுகிறது. சாதாரணமாக ஒருவர் உடம்பு முழுக்கத் தேடினால் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். அந்தப் பூச்சி கடிப்பதால் அரிப்பதில்லை. அதன் கழிவு, முட்டை இவற்றை நம் உடம்பு எதிர்க்கிறதே, அந்த எதிர்ப்புதான் அரிப்பு. முதல் தடவை வரும்போது உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அரிப்பே இல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம். முன்பு ஒரு தடவை வந்தவர் என்றால் ஒன்று முதல் நான்கு நாளிலேயே அரிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, கைபிடித்து நடத்தி, இரண்டு வாரம் கூடவே இருந்திருக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்து உங்களுக்கு அரிப்பு, அதற்கப்புறம் கணவருக்கு. கணக்கு ஒத்துவருகிறது. இதை அந்த மருத்துவமனையின் தலையில் போடுவதற்காகச் சொல்லவில்லை. தோலோடு தோல் நெருங்கிக் கொஞ்ச நேரம் இருந்தால் எங்கிருந்தும் வரலாம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவருக்கும் அரிக்கிறதா என்று.

எனக்கே வந்திருக்கிறது. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், அறை நண்பனும் நானும் மூன்று வாரம் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் பவுடரைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தோம். எங்கள் பேராசிரியர் என் விரலிடுக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். தோல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இதைக் கோட்டைவிட்ட எனக்கு, நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல வாயில்லை.

நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்து, விரலிடுக்குகள், மணிக்கட்டின் உட்பக்கம், அக்குள் மடிப்பு, தொப்புளைச் சுற்றி, உள்ளாடையின் எலாஸ்டிக் அழுத்தும் இடுப்பு, மார்புக்காம்பைச் சுற்றி எல்லாம் பாருங்கள். ஆண்களுக்குப் பிறப்புறுப்பிலும் வரும். சிறு பருக்களோ, சாம்பல் நிறத்தில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு வளைந்த கோடோ தெரியலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முகத்தில் வராது. ஒன்றும் தெரியவில்லை என்றால் சிரங்கு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடிக்கடி தேய்த்துக் குளிப்பவர்களுக்குப் பருவும் கோடும் மிகக் குறைவாக இருக்கும், அரிப்பு மட்டும் குறையாது. அதனால்தான் ‘தோலில் ஒன்றும் இல்லை’ என்ற உங்கள் வரியை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நேரில் பார்க்கும் மருத்துவரிடம் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி இருக்கும். சந்தேகமான இடத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தும் பார்ப்பார்.

சிரங்குதான் என்று உறுதியானால் பெரும்பாலும் கொடுப்பது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகத்துக்கு அடியிலும் விரலிடுக்கிலும் விடாமல் இரவில் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். நடுவில் கை கழுவினால் கையில் திரும்பத் தடவ வேண்டும். இதைச் சொல்ல நாங்களே மறந்துவிடுவது உண்டு. வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரே நாளில் தடவ வேண்டும். இன்று நீங்கள், அடுத்த வாரம் கணவர் என்று தவணை முறையில் செய்தால் பூச்சி உங்களிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து உங்களுக்கும் போய் வந்துகொண்டிருக்கும். கடைசி சில நாளில் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டு வெளியே வந்தால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்குமேல் உயிரோடு இருக்காது.

மருந்து தடவிய மறுநாளே அரிப்பு நின்றுவிடாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செத்த பூச்சியின் மிச்சம் தோலில் இருக்கும்வரை உடம்பு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரம்வரை அரிப்பு மெல்ல மெல்லத்தான் அடங்கும். இது தெரியாமல் நாலு தடவை, ஐந்து தடவை என்று களிம்பைப் பூசி, தோலை எரியவிட்டு, அந்த எரிச்சலையே சிரங்கு என்று நினைத்து வருபவர்கள் நிறையப் பேர்.

சரி, நேரில் பார்த்துவிட்டுச் சிரங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நான் சந்தேகப்படுவது உங்கள் குளியலறையை.

தடிப்பில்லாத அரிப்புக்கு, அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, மிகவும் சகஜமான காரணம் வெறும் தோல் வறட்சி. வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். மேல்தோல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடான தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால், பாத்திரத்துப் பிசுக்கை எடுப்பது மாதிரி இதையும் எடுத்துவிடும். நீங்கள் தினமும் இரண்டு தடவை எடுக்கிறீர்கள், தேய்த்து வேறு எடுக்கிறீர்கள். சூடான தண்ணீர் பட்டதும் இதமாக இருக்கிறது என்பீர்கள். அந்த நிமிடம் இருக்கும்தான். அரைமணி நேரம் கழித்துத் தோல் இழுத்துப் பிடிக்கும், அப்புறம் அரிக்கும். கெண்டைக்காலின் முன்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறதா, மெல்லிய கோடு கோடாக வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். வறட்சி முதலில் அங்கேதான் தெரியும்.

இரவில் ஏன் அதிகம் என்றும் கேட்பார்கள். இரவில் தோலின் சூடு கொஞ்சம் ஏறும், தோல் வழியாக ஈரம் வெளியேறுவதும் கூடும். அழற்சியை அடக்கிவைக்கும் கார்டிசால் ஹார்மோனும் அந்த நேரத்தில் குறைவு. போதாததற்கு, கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. அதனால் இரவு அரிப்பு சிரங்குக்கு மட்டுமே உரியது அல்ல. பெரும்பாலான அரிப்பு இரவில் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

வறட்சிக்கு வைத்தியம் எளிது, ஒழுங்காகச் செய்வதுதான் கஷ்டம். ஒரே ஒரு குளியல், வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும் போதும். கிருமிநாசினி சோப்பை விட்டுவிடுங்கள், உங்கள் தோலில் கொல்ல வேண்டிய கிருமி எதுவும் இல்லை. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவுங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் லோஷனைவிட கெட்டியான க்ரீம் நல்லது. படுக்கும் முன் இன்னொரு முறை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிக்கும்போது சொறிவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். சொறிந்தால் ஏற்படும் சிறு வலி அரிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடும், அதுதான் அந்தச் சுகம். ஆனால் கிழிபட்ட தோல் மறுபடி அரிக்கும், மறுபடி சொறிவோம். இப்படி இரண்டு வாரம் விடாமல் செய்தால் வறட்சி அரிப்பில் நிச்சயம் மாற்றம் தெரியும். தெரியவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி. மாத்திரையால் அரிப்பு வருமா என்றால், வரும். தடிப்பே இல்லாமலும் வரும், தொடங்கிப் பல வாரமோ சில மாதமோ கழித்தும் வரும். ரத்த அழுத்த மருந்துகளில் சில, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், மார்ஃபின் வகை வலி மாத்திரைகள், மலேரியாவுக்கான குளோரோகுயின் என்று பட்டியல் நீளம். உங்களுக்கு மாத்திரை மாற்றி ஆறு மாதம், அரிப்பு தொடங்கி மூன்று மாதம். கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, ஆனால் ஒதுக்கிவிட முடியாது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறினால் அரிப்பைவிடப் பெரிய வம்பு. மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றிப் பார்ப்பார்.

இனி நீங்கள் பயந்த விஷயம். உள்ளுறுப்புக் கோளாறு அரிப்பாக வெளியே தெரிவது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓட்டம் தடைபட்டால் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் முக்கியமாக அரிக்கும். கண் மஞ்சளாவதற்கு முன்பே அரிப்பு வந்துவிடலாம். சிறுநீர் அடர்ந்த நிறத்திலும் மலம் வெளிறியும் போகும். சிறுநீரகத்தால் வரும் அரிப்பு பெரும்பாலும் நோய் முற்றியவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும்தான். வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அரிப்பு மட்டும் முதல் அறிகுறியாக வருவது அபூர்வம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் தோல் சூடாகி அரிக்கும், குறைந்தால் வறண்டு அரிக்கும். சர்க்கரை நோயில் வறட்சி, பாத நரம்புப் பாதிப்பு, தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சைத் தொற்று என்று மூன்று வழியிலும் வரலாம்.

ரத்தத்தில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். ‘கெட்ட ரத்தம்’ என்று ஒன்று கிடையாது, அதைச் சுத்தம் செய்யும் மருந்தும் கிடையாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் அரிப்பு வரலாம். சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு ரத்த நோயில், வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் ஊசி குத்துகிற மாதிரி அரிப்பெடுக்கும், தோலில் ஒன்றுமே தெரியாது. நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் ஒரு வகையிலும் அரிப்பு முன்கூட்டியே வருவதுண்டு. அங்கே இரவில் உடை நனைகிற அளவு வியர்வை, விட்டுவிட்டுக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கிறதா என்று பார்ப்போம். நீங்கள் இவை எதையும் எழுதவில்லை. இருந்தும் எழுதாமல் விட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அரிப்பு உடம்பெல்லாம் இல்லாமல் ஒரே இடத்தில், உதாரணமாகத் தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் எப்போதும் அதே இடத்தில் வந்தால் அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், முதுகெலும்பைப் பார்க்க வேண்டியிருக்கும். இடம் மாறும் உங்கள் அரிப்புக்கு இது பொருந்தாது.

இந்த மாதிரி நீண்ட நாள் அரிப்புக்கு நாங்கள் செய்யும் சோதனைகள் சாதாரணமானவை: முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்து, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு. தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரே. ஒரே ரத்த மாதிரியில் பெரும்பாலானவை முடிந்துவிடும். எதற்கெல்லாம் அலர்ஜி என்று கண்டுபிடிக்க நூறு பொருளைச் சோதிக்கும் பெரிய பரிசோதனை உங்கள் மாதிரி அரிப்புக்குத் தேவைப்படுவதில்லை. உணவை நிறுத்துவதும் அப்படித்தான். உணவு அலர்ஜி என்றால் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தடிப்பு எழும், மூன்று மாதம் தடிப்பில்லாமல் இரவில் மட்டும் வந்து நிற்காது. நிறுத்தியதையெல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அலர்ஜி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். அது ஹிஸ்டமின் என்ற ஒரு பொருளை மட்டும் தடுக்கிறது. திடீரென்று தடித்துச் சில மணி நேரத்தில் மறையும் காணாக்கடிக்கு அது நல்ல மருந்து. வறட்சி, பித்தநீர், சிறுநீரகம், நரம்பு இவற்றால் வரும் அரிப்பு பெரும்பாலும் வேறு வழியாகப் போகிறது. உங்களுக்கு மாத்திரை தந்தது தூக்கம் மட்டும்தான். வயதானவர்களுக்கு அந்தத் தூக்கமே தடுமாறி விழவும் குழம்பவும் காரணமாகிவிடும். இன்னொன்று, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பை யாராவது சிபாரிசு செய்தால் தொடாதீர்கள். சிரங்கானாலும் படர்தாமரையானாலும் முதல் நாலு நாள் அரிப்பை அடக்கிவிட்டு, அடியில் நோயைப் பரவவிடும். எங்களுக்கும் அடையாளம் தெரியாமல் முகத்தை மாற்றிவிடும்.

எப்போது போக வேண்டும் என்று பொதுவாகவும் சொல்லிவிடுகிறேன், உங்களைப் போல இன்னும் பலர் இதைப் படிப்பார்கள். அரிப்போடு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், தலைசுற்றினால் அடுத்த நிமிடமே அவசர சிகிச்சை. கண் மஞ்சளானால், உடம்பு முழுக்கச் சிவந்து தோல் உரிந்தால், கொப்புளம் எழுந்தால், சொறிந்த இடம் வீங்கிச் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தால் அதே நாளோ மறுநாளோ. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் ‘வயிறு விரிவதால்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. பித்த அமிலம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். அளவு மிகவும் கூடினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஓயாத அரிப்பு என்றால் அதையும் வயசாகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள். கொப்புளம் வருகிற ஒரு தோல் நோய் சில மாதம் வெறும் அரிப்பாகவே இருந்துவிட்டுத்தான் வெளியே வரும். மற்றவர்கள் நான் சொன்ன குளியல் முறையை இரண்டு வாரம் செய்து பார்க்கலாம். அதற்கும் மசியவில்லை, தூக்கம் கெடுகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் தொடங்கிவிட்டது என்றால் காத்திருக்கத் தேவையில்லை.

ஆறு வாரத்தைத் தாண்டினாலே நாங்கள் நாள்பட்ட அரிப்பு என்போம். நீங்கள் அதுபோல் இரண்டு மடங்கு கடந்துவிட்டீர்கள், கணவருக்கும் வந்துவிட்டது. அதனால் உங்களுக்கு இரண்டு வாரக் கெடு கிடையாது, இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், ஒவ்வொன்றையும் எப்போது தொடங்கினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடவிய களிம்புகளின் காலி ட்யூபைக்கூட எடுத்துப் போங்கள். அன்றைக்கு மட்டும் எதையும் தடவாமல், தேய்த்துக் குளிக்காமல் போனால் பார்ப்பவருக்கு வசதி.

கணவரையும் கூட்டிப் போங்கள். ‘எனக்கு லேசாகத்தான் இருக்கிறது, நீ போய் வா’ என்பார், கேட்காதீர்கள். மூன்று மாதமாகத் தேய்த்தும் சொறிந்தும் வைத்திருக்கும் உங்கள் தோலைவிட, பத்தே நாளான அவர் விரலிடுக்கில்தான் விடை சுலபமாகக் கிடைக்கக்கூடும்.